அப்பாவை மாட்டிய சுவர்

— வாப்பா யாக்கோவ், வா! எங்கப்பாவைக் கொன்னுட்டு எவ்வளவு நிதானமா நடந்து வர்ற!

— மெதுவாப் பேசு மெரெயானா. உங்கப்பா வெளியில உக்காந்திருக்காரு, காதுல விழும்.

— செத்தவருக்குக் காது கேக்குமா என்ன? எங்க குலத்து மண்டபத்தைக் கூட்டலாம்னு கதவைத் திறக்கறேன். சுவர்ல எங்க தாத்தா, பெரியம்மா, சண்டைக்குப் போய்த் திரும்பாத சித்தப்பா, செத்தவங்க எல்லாரும் படமா வரிசையா இருக்காங்க. கடைசியில நீ வரைஞ்ச எங்கப்பா, பல்லைக் காட்டிக்கிட்டு!

— படம் எப்படி வந்திருக்கு?

— பிரமாதம். அந்தக் கோணல் மூக்குகூட அப்படியே. அதான் இன்னும் வயிறு எரியுது. உயிரோட இருக்கறவங்க படத்தை அங்க மாட்டக்கூடாதுன்னு பால்குடி மாறாத எங்க மாவோரிப் புள்ளைக்குக்கூடத் தெரியும். காலையில கிழங்கை அவிச்சுக் குடுத்தா தொடவே இல்ல, உப்பு பத்தலையாம். செத்தும் குறை சொல்றாரு மனுஷன்!

— எனக்கும் தெரியும், மெரெயானா.

— தெரியுமா! டால்மேஷியாவிலருந்து கப்பலேறி வந்து பன்னெண்டு வருஷமா எங்க மண்டபத்து உத்தரத்துல இருக்கற சுருள் கோலத்தையெல்லாம் வரையற. ஒவ்வொண்ணுக்கும் எனக்கே தெரியாத பேரு சொல்ற. ‘மாவோரிகளின் மனசறிந்த ஓவியர்’னு ஆக்லாந்து பேப்பர்ல போட்டான். மனசு தெரிஞ்சவருக்குச் சுவர் தெரியல!

— அதை எழுதினது பேப்பர்காரன்.

— ஆமா, நீ வெட்கப்பட்டு அதை வெட்டி வீட்டுக் கதவுல ஒட்டிக்கிட்ட. அவ்வளவுதான்.

— சரி, ஒட்டினேன். அது தப்புதான்.

— முதல்ல படத்தை இறக்கு. ஞாயித்துக்கிழமை சொந்தக்காரங்க வர்றாங்க. பாத்த உடனே ஒப்பாரி வைப்பாங்க. இவரு எந்திரிச்சுப் போய் ‘வாங்க, டீ குடிக்கறீங்களா’ன்னு கேப்பாரு.

— இறக்க மாட்டேன்.

— ஓ, ஓவியருக்கு மரியாதை குறைஞ்சுடுமோ? டால்மேஷியாக்காரங்களுக்கு எங்க ஆளுங்க ‘தாராரா’ன்னு சரியாத்தான் பேரு வெச்சாங்க. தாரா-ரா-ரான்னு வாய் மட்டும் ஓடும்.

— இன்னிக்கு என் வாயை எங்க ஓட விட்ட?

— தள்ளு. அந்த ஸ்டூலைப் பிடி, நானே இறக்கறேன்.

— வேண்டாம் மெரெயானா. அதுல கை வைக்காத.

— ஏன், உன் படத்துக்குச் சாமி வந்துருச்சா? உன்னை வீட்டு ஆளா நினைச்சோமேடா, பாவி! இனிமே எங்க வாசல்ல கால் வைக்காத.

— வைக்கல. படம் மட்டும் அங்கேயே இருக்கட்டும்.

— ஏன்? ஒரே ஒரு காரணம் சொல்லு, பாப்போம்.

— யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு உங்கப்பாவுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன்.

— என்ன சத்தியம்? யாக்கோவ், என் மூஞ்சியைப் பாத்துச் சொல்லு.

— நேத்து நானும் உங்கப்பாவும் உன்கிட்டச் சொன்ன மாதிரி விதை வாங்கப் போகல, ஆஸ்பத்திரிக்குப் போனோம். திரும்பி வந்ததும் என்கிட்ட சுத்தியல் வாங்கி அந்தப் படத்தை அவரே மாட்டினாரு. ‘மககிட்டச் சொல்ல வாய் வரலப்பா, அவளே பாத்துப் புரிஞ்சுக்குவா’ன்னாரு.