ஹலீமா பீ வைத்த கைநாட்டு

அம்பிகா: அடுத்த ஸ்டாப்புல எறங்கிக்கிறேங்க்கா. தல வலிக்குது.

சகீனா: ஆம்பூர்ல ஏறும்போது நல்லாத்தானே இருந்த?

அம்பிகா: பஸ்ஸு ஆட்டம் ஒத்துக்கல. நீங்க மட்டும் பேரணாம்பட்டு போய்ட்டு வாங்க. நான் வர்லன்னா ஹலீமாம்மா ஒண்ணும் நெனச்சிக்காது.

சகீனா: நெனச்சிக்காதா... காலைலேர்ந்து மூணு வாட்டி போன் பண்ணிட்டாங்க. ரெண்டு பேரும் வரணும், சாப்ட்டுதான் போவணும்னு. இதோ, மறுபடியும் அவங்கதான். ஸ்பீக்கர்ல போடறேன், நீயே பேசு.

ஹலீமா பீ: எங்கம்மா இருக்கீங்க?

சகீனா: பாதி தூரம் வந்துட்டோம்மா. அம்பிகா பக்கத்துலதான் இருக்கா.

ஹலீமா பீ: அம்பிகாவா? நல்லா இரும்மா. எம் புள்ள வேல செய்யற வெளிநாட்டுல சண்டை நின்னு போச்சு பாத்தியா? ரெண்டு தேசமும் உக்காந்து பேச ஒத்துக்கினாங்களாம், டிவியில சொன்னாங்க. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்க பொண்ணுங்க கலெக்டர்கிட்ட குடுத்த காயிதம்தான்னு.

அம்பிகா: அது... நம்ம மனுவால மட்டும் இல்லம்மா. பெரிய பெரிய ஆளுங்க பேசி...

ஹலீமா பீ: அவங்க காதுக்கு யாராச்சும் கொண்டு போவணும்ல? முந்நூத்தி நாப்பது பேரு சண்டை வாணாம்னு சொன்னா கேக்காமலா போவாங்க? நான் கைநாட்டு வச்சவ. எனக்கு ஒரே வருத்தம்தான். இன்னும் ஒரு வாரம் முன்னாடி டெல்லிக்குப் போய்ச் சேந்திருந்தா என் புள்ள நயீமுக்குக் கை தங்கியிருக்கும்...

அம்பிகா: அம்மா...

ஹலீமா பீ: உங்களச் சொல்லலம்மா. நீங்க ஷூ கம்பெனிக்கும் போயினு, சாயங்காலத்துல வீடு வீடா ஏறி எறங்கனீங்க. அல்லா நாடினது அவ்ளோதான். சீக்கிரம் வாங்க, சோறு ஆறிடும்.

சகீனா: வச்சிட்டாங்க.

அம்பிகா: நயீம் எப்ப வர்றானாம்?

சகீனா: அடுத்த மாசம். அந்த நாட்டு ஆஸ்பத்திரியில விடணுமே. துறைமுகத்துல கிரேன் ஓட்டினவன், அங்கதான் குண்டு விழுந்துச்சு. வலது கை... முழங்கைக்குக் கீழ இல்ல.

அம்பிகா: இந்தக் கையெழுத்து வேலைய நாம ஆரம்பிச்சே இருக்கக் கூடாதுக்கா.

சகீனா: ஏன்? டீக்கடைல ஒருத்தரு கேட்டாரே, நீங்க கையெழுத்து போட்டா குண்டு நின்னுடுமான்னு. நீதானே பதில் சொன்ன? நிக்காது சார், ஆனா சண்டை பெருசாவறதுக்கு முன்னாடி நாங்க வாணாம்னு சொன்னோம், அது எங்கயாச்சும் இருக்கட்டும்னு. அந்த மனுஷன் டீய வச்சிட்டு கையெழுத்து போட்டாரு.

அம்பிகா: அத ஞாபகப்படுத்தாதீங்க.

சகீனா: நல்லாத்தானே சொன்ன.

அம்பிகா: அக்கா... நான் அந்த மனுவக் குடுக்கல.

சகீனா: கலெக்டர் ஆபீஸுக்குப் போனேன்னியே?

அம்பிகா: சத்தியமா ஆபீஸ் வாசல் வரைக்கும் போனேன். திங்கக்கெழம, ஒரே கூட்டம். மனு எழுதறவங்க இருக்கற மரத்தடியில உக்காந்துட்டேன்.

சகீனா: உக்காந்து?

அம்பிகா: எம் புள்ள பரணிக்கு மிலிட்டரியில செலக்‌ஷன் ஆன நேரம். போலீஸ் விசாரணை பாக்கி. நம்ம சூப்பர்வைசர் சம்பத் முந்தின நாள்தான் சொன்னாரு, சண்டை வாணாம்னு ஊரெல்லாம் கையெழுத்து வாங்கறவ புள்ளைய எவன் பட்டாளத்துல சேப்பான்னு. அது காதுலயே இருந்துச்சு. மொதத் தாள்ல ரெண்டாவது பேரு என்னுது.

சகீனா: உன் பேர மட்டும் அடிச்சிருக்கலாமே.

அம்பிகா: அடிச்சுப் பாத்தேன். அடிச்சது இன்னும் நல்லாத் தெரிஞ்சிது.

சகீனா: அப்புறம்?

அம்பிகா: அப்படியே பையத் தூக்கினு திரும்பிட்டேன். மறுநாள் கம்பெனி லைன்ல மிஷின்ல உக்காந்துகினு, குடுத்துட்டேங்க்கான்னு உங்க மூஞ்சியப் பாத்தே சொன்னேன்.

சகீனா: தாளெல்லாம்?

அம்பிகா: பீரோவுல, புடவைக்கு அடியில. கிழிக்க கை வர்ல. பீடி சுத்தற பொம்பளைங்க எழுத்துக்கூட்டிப் போட்டது, ஹலீமாம்மாவோட கட்ட விரலு... எல்லாம் அப்படியே இருக்குது.

சகீனா: பரணி எப்படி இருக்கான்?

அம்பிகா: ட்ரெயினிங்ல இருக்கான். எந்த எல்லையில சத்தம்னு நியூஸ் வந்தாலும் அவனுக்கு போன் போட்டுப் பாக்கறேன். அவன் பட்டாளத்துக்குப் போறானேன்னுதான் மொதல்ல கையெழுத்து போட்டேன். அவன் போவணும்னுதான் மறைச்சு வச்சேன். இன்னா பொழப்போ. அதக் குடுத்திருந்தா நயீம் கை தப்பிச்சிருக்குமாக்கா?

சகீனா: தப்பிச்சிருக்காது. ஆம்பூர்க் காயிதத்துக்கா குண்டு நிக்கும்?

அம்பிகா: அப்ப எனக்கு ஏன் இப்படி அடிச்சிக்குது? அந்தம்மா மூஞ்சில எப்படி முழிக்கறது? அவங்க கையால சோறு வேற... அக்கா, ஏன் ஜன்னலயே பாத்துனு வர்றீங்க? நாலு வார்த்த திட்டுங்க. நம்பிக் குடுத்தேனேடி பாவின்னு கேளுங்க.

சகீனா: எனக்குத் தெரியும் அம்பிகா. நீ குடுத்தேன்னு சொன்னதுக்கு அடுத்த திங்கக்கெழம நானே ஆபீஸுக்குப் போயி கேட்டேன். நோட்டப் பாத்துட்டு, அப்படி ஒரு மனு வர்லம்மான்னாங்க. உன்ன ரெண்டுல ஒண்ணு பாக்கணும்னுதான் பஸ் ஏறினேன். அதுக்குள்ள அங்கேர்ந்து எங்க வீட்டுக்காரரு போனு. நயீம் இருக்கற அதே ஊர்லதானே வண்டி ஓட்றாரு... உன் பேரு அந்த மனுவுல வெளிய வந்தா என்னைய வேலைய விட்டு ஊருக்கு அனுப்பிடுவாங்க, வாபஸ் வாங்குன்னாரு. கவலப்படாதீங்க, அது போவவே இல்லன்னேன். சொன்னதும் எனக்கு உன்மேல கோவம் வர்லடி... அப்பாடான்னு இருந்துச்சு. எடுத்துனு வா, சேந்து போய்க் குடுப்போம்னு அன்னைக்கே உன்ன கேட்டிருக்கலாம். துறைமுகத்துல குண்டு விழ இன்னும் நாலு நாள் இருந்துச்சு.