கை ஊனாம எந்திரிக்கச் சொன்ன குழந்தையம்மாள்

மேடையில இருக்கற பெரியவங்களுக்கும், மேனேஜர் சாருக்கும், கீழ உக்கார்ந்திருக்கற டெய்லருங்க, செக்கிங், பேக்கிங் ஆளுங்க எல்லாருக்கும் வணக்கமுங்க. பின்னாடி நின்னு டீ குடிக்கற அயனிங் மாஸ்டருக்கும் வணக்கம். குடிச்சுட்டே கேளுங்க, படத்துல இருக்கற அந்தம்மா கோவிச்சுக்க மாட்டாங்க.

நான் கிட்டுசாமி. இந்த பனியன் கம்பெனியில இருபத்தாறு வருசம் கட்டிங் மாஸ்டரா இருந்து ஓய்ஞ்சவன். நாலாவதோட பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டுட்டேன். முன்னால பேசினவங்க "ஈடு இணையற்ற"ன்னு நெம்ப நல்லாப் பேசினாங்க. எனக்கு அது வராதுங்க. நடந்ததைச் சொல்றேன்.

நம்ம செக்கிங் சூப்பர்வைசர் குழந்தையம்மாள் அவர்கள் பன்னெண்டு நாளைக்கு முன்னாடி டெங்கு காய்ச்சல்ல போய்ச் சேர்ந்தாங்க. வயசு அம்பத்தி நாலு. டெங்குன்னு ஆஸ்பத்திரிச் சீட்டுலயே இருக்குது. ஆனா நம்ம கேன்டீன்ல என்ன பேச்சு? "அந்த வயசுல மூட்டை தூக்கினா நெஞ்சு தாங்குமா?" பேசினவங்க இங்கதான் இருக்கறாங்க. பேரைச் சொல்லட்டுங்களா? பயப்படாதீங்க, சொல்ல மாட்டேன். மூணாவது வரிசை மட்டும் தலையைக் கொஞ்சம் நிமிர்த்துங்க!

அந்தப் பேச்சால என்ன ஆச்சு? செவ்வா, வியாழன், சனி, பொழுதோட அஞ்சரைக்கு முப்பது பேர் உடம்பு வலுவுக்கு மூட்டை தூக்கிப் பழகின அவங்க ஷெட்டு பூட்டிக் கெடக்குது. அவங்க ஊட்டுக்காரர் குமாரசாமி, சாவியை மேனேஜர்கிட்டத் திருப்பிக் குடுத்தர்லாம்னு பையில போட்டுட்டு வந்திருக்கார். ஏனுங் குமாரசாமி, பொய்யா சொல்றேன்? பாருங்க, பையைத் தடவறார்.

ஷெட்டு எப்படி வந்துச்சு? பதிமூணு வருசத்துக்கு முன்னாடி அந்தம்மாவுக்கு முழங்கால் வலி. செக்கிங் டேபிள்ல எட்டு மணி நேரம் நின்னா யாருக்குத்தான் வராது? ஆஸ்பத்திரியில உடற்பயிற்சி சொல்லித்தர்ற டாக்டரம்மா சொல்லியிருக்கறாங்க: "நாப்பதைத் தாண்டினா வருசா வருசம் சதை கரையும், எலும்பு லேசாகும். நடந்தா மட்டும் பத்தாது. எடையும் தூக்கோணும்."

"நாங்க தினமும் துணி பண்டல் தூக்கறமுங்களே?"

"அதைக் குனிஞ்சு முதுகுல தூக்கறீங்க. கால்ல தூக்கப் பழகுங்க."

வந்தாங்க. மேனேஜர்கிட்டக் கேட்டுக் கம்பெனி ஷெட்டு ஒண்ணுக்குச் சாவி வாங்கினாங்க. பனியன் வேஸ்ட் துணியை ஓவர்லாக் மிஷின்ல பையாத் தெச்சாங்க, மணலை ரொப்புனாங்க. கழுத்துல நம்ம சைஸ் லேபிள்! எஸ்ஸுன்னா மூணு கிலோ, எம் அஞ்சு, எல் எட்டு, எக்ஸ்எல் பன்னெண்டு. நான் சும்மா இருப்பேனுங்களா?

"ஏனம்முணி, இந்தச் சரக்கு எந்த நாட்டுக்குப் போகுது?"ன்னேன்.

"வெளிநாட்டுக்கு இல்லீங்க மாஸ்டர். உங்களுக்குத்தான் தெச்சது. வந்து போட்டுப் பாருங்க."

நான் போகலை. ரெண்டு வருசம் கேலி பேசியே ஓட்டினேன்.

அப்புறம் ஒரு கிருத்திகை. முருகன் கோயில்ல அன்னதானம், தரையில பந்தி. நல்லாத் தின்னேன். எல்லாரும் எந்திரிச்சாங்க. என்ற முழங்கால் எந்திரிக்கலை. இத்தனை பேர் முன்னாடி கையைப் புடிச்சுத் தூக்குங்கன்னு கேக்கறதா, இந்தக் கிட்டுசாமி? "கொஞ்சம் ரசம் ஊத்துங்க"ன்னேன். அடுத்த பந்தி உக்கார்ந்துது. "சித்த சோறு வைங்க"ன்னேன். மூணாவது பந்தியும் வந்துருச்சு! பரிமாறினவர், "பெரியவருக்கு நல்ல பசி"ங்கறார். எனக்கு வயிறு வெடிக்குது.

அந்தப் பந்தியில எதுத்தாப்ல நம்ம குழந்தையம்மாள். என்னையே பாத்துட்டுத் தின்னாங்க. ஒரு கையில எலை. இன்னொரு கையைத் தரையில ஊனலை. அப்படியே எந்திரிச்சாங்க. எங்கிட்ட வந்து, காதோட காதா:

"மாஸ்டர், பாயாசமும் தீந்துருச்சுங்க. இனி எந்திரிச்சுத்தான் ஆகோணும்."

முழங்கையைக் குடுத்தாங்க. எந்திரிச்சேன்.

சாகற வரைக்கும் ஒருத்தர்கிட்டயும் அதைச் சொல்லலீங்க. அவங்க எடத்துல நான் இருந்திருந்தா? அடுத்த நாளே நோட்டீஸ் போர்டுல ஒட்டியிருப்பேன்!

அந்தச் செவ்வாக்கிழமையே ஷெட்டுக்குப் போனேன். எனக்கு எஸ் குடுத்தாங்க. பக்கத்துல டெய்லர் ஒச்சாயி, உசிலம்பட்டிக்காரி, எல் மூட்டையைத் தூக்கி எறக்குது. என்னைப் பாத்து, "மாஸ்டரு, மூட்டையத் தூக்கத்தேன் செய்றீகளா, தாலாட்டுறீகளா?"ங்குது. வாங்கிக் கட்டிக்கிட்டேன்.

என்ன செஞ்சோம்? மூட்டையை நெஞ்சோட அணைச்சு, சேர்ல உக்கார்ந்து எந்திரிக்கறது. முதுகு வளையாம தரையில இருந்து தூக்கறது. பன்னெண்டு தடவை சுளுவா வந்தாத்தான் அடுத்த சைஸு. பிரஷர், நெஞ்சு வலி இருந்தா டாக்டர்கிட்டக் கேட்டுட்டுத்தான் உள்ளாற. காய்ச்சல் வந்தா மூட்டையைத் தொடக் கூடாது. அதுவும் அவங்க போட்ட சட்டம். காய்ச்சல் கண்ட அன்னைக்கிருந்து அவங்களும் தொடலை. இவங்களையா மூட்டை கொன்னுது?

என்ன கெடைச்சுது? சர்க்கரையே போயிருச்சுன்னு நான் புளுக மாட்டேன். சில பேருக்குக் கொறைஞ்சுது; மாத்திரையும் முழுங்கறாங்க. ஒச்சாயி தண்ணிக் கொடத்தோட மூணு மாடி ஏறுது. இடுப்பு வலிக்கு மாசம் நாலு நாள் லீவு போட்டது, இப்ப போடறதில்லை. நான்? தரையில உக்கார்ந்தா ஒரே பந்தியில எந்திரிக்கறேன்.

நேத்து ஒச்சாயி எங்கிட்டச் சொல்லுது: "அந்தம்மா தூக்கித்தேன் செத்துச்சுன்னு எங்க வீட்டுக்காரரு விட மாட்டேங்குறாரு மாஸ்டரு. இடுப்பு மறுபடி புடிக்குது." பன்னெண்டே நாள்தானுங்க! இன்னும் ஆறு மாசம் பூட்டிக் கெடந்தா, இங்க எத்தனை பேர் என்னை மாதிரி மூணு பந்தி திங்கோணும்?

குமாரசாமி, அந்தச் சாவியை மேனேஜருக்குக் குடுக்காதீங்க. இப்படிக் குடுங்க. ம்... வந்துருச்சு. நாளைக்குச் சனிக்கிழமை. அஞ்சரைக்கு நான் தெறக்கறேன். ஒருத்தரும் வரலைன்னாலும் தெறக்கறேன். நான் இப்ப எல் சைஸ்ல இருக்கறேன். எக்ஸ்எல் அவங்க மூட்டை. அது அங்கயே இருக்கட்டும். ஒச்சாயி, அடுத்து உனக்குத்தான். ஊட்டுக்காரரையும் கூட்டிட்டு வா, அவருக்கும் சைஸ் இருக்குது.

இப்ப அந்தம்மாவுக்காக ஒரு நிமிசம் எந்திரிச்சு நிக்கோணும். சேரைப் புடிக்காம, தொடையில கை ஊனாம எந்திரிங்க. முடியாதவங்க அப்படியே உக்கார்ந்திருங்க, மரியாதைக் கொறைச்சல் இல்லை. உக்கார்ந்திருக்கறவங்களை நான் மேடையில இருந்து எண்ணிக்கறேன்.

நாளைக்கு அத்தனை எஸ் மூட்டை எடுத்து வெக்கோணுமில்லீங்க?