தோற்றவனுக்கு இன்னொரு வாய்ப்பு

ஒரே தோல்வியில் ஆளை வெளியே அனுப்பும் போட்டி எனக்கு எப்போதுமே பிடித்ததில்லை, ஐயா. அன்றைக்கென்று பார்த்து இணையம் சொதப்பலாம், பூனை மேசைமேல் குதிக்கலாம். நன்றாக ஆடுகிறவன் ஒரு சறுக்கலில் போய்விடக் கூடாது. நீஷ் நகரத்தில் எங்கள் கணினிச் சண்டை விளையாட்டுக் குழுவின் வருடாந்திர ஆன்லைன் போட்டியை நடத்துவது நான்தான். ஆடுவதும் உண்டு. நடத்துகிறவன் ஆடலாமா என்று யாரும் கேட்டதில்லை. என்மேல் அவ்வளவு நம்பிக்கை.

இம்முறை இரண்டு தோல்வி முறை என்று சொன்னேன். முதலில் தோற்றவன் கீழ்ப்பிரிவுக்குப் போவான். அங்கே வரிசையாக ஜெயித்து ஏறினால் இறுதி ஆட்டத்துக்கு வரலாம்.

"ஒரே நாள்லயா? கீழ விழுந்தவனுக்கு ஒண்ணுக்குப் போகக்கூட நேரம் இருக்காதேடா" என்றான் வுகாஷின். எங்களில் வேகமான கை அவனுடையது.

"தோக்காம ஆடு, நிம்மதியா போகலாம்" என்றேன். சிரித்துக்கொண்டே எல்லோரும் கை தூக்கினார்கள். ஓக்னியெனும் தூக்கினான். தான் கீழே விழுவோம் என்று அவன் நினைத்தே பார்த்திருக்க மாட்டான்.

ஓக்னியென் எனக்குப் பள்ளிக்கூட நண்பன், பக்கத்துக் கட்டடத்தில் தனியாக இருந்தான். அவனை நான் ஒருமுறைகூட ஜெயித்ததில்லை. ஒவ்வொரு வருடமும் இறுதி ஆட்டத்தில் என்னைத் தோற்கடித்துவிட்டு, "அடுத்த வருஷம் பாத்துக்கலாம் மச்சான், அழாத" என்பான். அன்பாகத்தான் சொல்வான். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அவனுக்கு வலிப்பு உண்டு. "ஓய்வில்லாம திரையையே பாத்துட்டிருந்தா வந்துடும்டா. பசங்ககிட்ட சொல்லாத, பரிதாபப்படுவானுங்க" என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தான். நான் யாரிடமும் சொல்லவில்லை. வாக்கு என்றால் வாக்குதான்.

சீட்டுக் குலுக்கியதும் நான்தான். முதல் ஆட்டத்திலேயே அவனுக்கு எதிரே வுகாஷின் வந்தான். வந்தான் என்றா சொன்னேன்? வைத்தேன். ஓக்னியென் தோற்றுக் கீழே போனான். நான் மேலேயே ஜெயித்து, வுகாஷினையும் எப்படியோ தாண்டி, இறைச்சி அடைத்த பூரெக்கும் தயிரும் சாப்பிட்டுவிட்டுச் சற்றுப் படுத்தேன். அந்த நேரமெல்லாம் அவன் ஆடிக்கொண்டே இருந்தான். கடைசியில், என்னிடம் தோற்றுக் கீழே வந்த வுகாஷினையும் தோற்கடித்துவிட்டு இறுதி ஆட்டத்துக்கு வந்தான்.

"மச்சான், ஒரு மணி நேரம் தள்ளி வையேன். கண்ணோரத்துல என்னமோ மின்னுது."

"உனக்கு மட்டும் தள்ளி வெச்சா மத்தவன் என்னடா சொல்வான்?"

"அதுவும் சரிதான். நீ எப்பவும் நியாயஸ்தன்டா."

கிண்டல் இல்லை, ஐயா. மனதாரச் சொன்னான்.

மூன்று சுற்று எடுத்தால் பட்டம்; அவ்வளவு களைப்பிலும் முதல் இரண்டு சுற்றும் அவனுக்குத்தான். மூன்றாவதில் அவன் வீரன் திரையில் அப்படியே நின்றுவிட்டான். ஏமாற்று நடக்காமல் பார்க்க எல்லோரும் ஆள் முழுதும் தெரிகிற மாதிரி பக்கவாட்டில் கேமரா வைத்திருப்பார்கள். அதைப் பார்ப்பது நடத்துகிறவன் மட்டும். நாற்காலி காலியாக இருந்தது. மேசைக்கு அடியில் கால்கள் வெட்டி இழுத்தன, குதிகால்கள் மரத்தரையில் தடதடவென்று அடித்தன. பார்க்கிறவர்களுக்குச் சின்ன இடைவேளை என்று அறிவித்துவிட்டு, அவன் மைக்கை நிறுத்தினேன்.

அதை நான் நிறுத்தியிருக்கவே கூடாது. நிறுத்தாமல் விட்டிருந்தால் அந்தச் சத்தம் அன்றோடு தானாக ஓய்ந்திருக்கும். இப்போது எந்த அறையில் உட்கார்ந்தாலும் தரையிலிருந்து வருகிறது. என் விரல் பொத்தானைத் தேடுகிறது. பயமாக இருக்கிறது, ஐயா.

இருக்கையை விட்டுப் போனவனுக்குப் பத்து நிமிடம், அதற்குள் திரும்பாவிட்டால் தோல்வி. எல்லோருக்கும் பொதுவான விதி, நான் எழுதியது. பத்து நிமிடமும் காத்திருந்தேன், ஒரு நொடிகூடக் குறைக்கவில்லை. அதன் பிறகு வெற்றியை என் பெயரில் பதிந்தேன். அதற்கும் பிறகுதான், இப்படி ஒரு நாளைக்கு வேண்டும் என்று அவன் என்னிடம் கொடுத்து வைத்திருந்த வீட்டுச் சாவியை எடுத்துக்கொண்டு படியிறங்கினேன். கதவைத் திறந்தபோது அவன் மூச்சு நின்றிருந்தது.

நான் அவனைக் கொல்லவில்லை என்று சொல்ல வரவில்லை. கொன்றேன். ஆனால் பட்டம் செல்லாது என்று வுகாஷின் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறானாம். அது மட்டும் சரியில்லை, ஐயா. அதை எழுதிக்கொள்ளுங்கள்.