கிருமிக்கு வாய்க்கூடு

முதுகுளத்தூர் பஸ்ஸில் என் முன் இருக்கையில் ஒரு விவசாயியும், ஆராய்ச்சி படிக்கும் அவர் மகளும் பேசிக்கொண்டு வந்தார்கள்.

“ஈரல்ல சுரக்குற பித்தத்தைக் குடல்ல இருக்க கிருமி மாத்திப்புடுதுய்யா. அது திரும்பப் போயி அம்மாவோட ஈரலையே கெடுக்குது.”

“கிருமியக் கொன்னுப்புட வேண்டியதுதான?”

“செரிமானத்துக்கு அதுவும் வேணும்யா. பித்தத்தை மாத்துற அதோட நொதிய மட்டும் நிறுத்தத்தான் மருந்து தேடுறோம்.”

“சூடடிக்கிற மாட்டுக்கு வாய்க்கூடு போடுற மாதிரி. மிதிக்கட்டும், கதிரைத் திங்கப்படாது.”

“அதேதான்யா.”

“ஒங்கம்மாவுக்கு எப்பக் குடுப்பீக?”

“இப்பத்தான் எலிக்குக் குடுத்துப் பாக்குறோம்.”

அவர்கள் ஊர் விலக்கு வந்தது. இறங்க எழுந்தபோது அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “ஒங்கம்மாவையும் ஒரு எலின்னு எழுதிக்கச் சொல்லு தாயி.”