இருபத்தைந்து நிமிடம் எரியும் விளக்கு

பழைய கார்களில் டேஷ்போர்டு விளக்கு எரியவில்லை என்றால், பத்தில் எட்டு முறை பல்பு நன்றாகத்தான் இருக்கும். எர்த் ஒயர் லூசாகியிருக்கும். ஒரு ஸ்குரூவை அரைச் சுற்று இறுக்கினால் போதும். இது தெரியாமல் பல்பை மாற்றுவார்கள், ஃபியூஸை மாற்றுவார்கள், கடைசியில் அந்த விளக்கே வேண்டாம் என்று விட்டுவிடுவார்கள்.

என் பெயர் பூவராகவன். வயது ஐம்பத்தாறு. கும்மிடிப்பூண்டியில், சிப்காட்டுக்குத் திரும்பும் இடத்தில் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடை வைத்திருக்கிறேன். வருவது பெரும்பாலும் லாரிகள். அம்பாசிடர், ஃபியட் மாதிரி பழைய வண்டிகளும் வரும். என்னை யாரும் மிரட்டி அழைத்து வரவில்லை மேடம், இன்று காலை நானாகத்தான் ஸ்டேஷனுக்கு வந்தேன். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

குணசுந்தரி டீச்சர் பொன்னேரியில் கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் என் கடைக்கு முதலில் வந்து மூன்று வருடம் ஆகப்போகிறது. வெள்ளை அம்பாசிடர், அறுபத்தெட்டாம் வருட மாடல், அவரே ஓட்டி வந்தார். பக்கத்து சீட்டில் அவர் கணவர் அன்புராஜ் சார். பக்கவாதத்தில் சாருக்கு வலது கை, வலது கால் விழுந்துவிட்டன. பேச்சும் போய்விட்டது. அந்த வண்டியை முப்பது வருடம் ஓட்டியவர் அவர். சாயங்காலம் அவரை ஒரு சுற்று அழைத்துப் போனால்தான் தூங்குவாராம். ஸ்பீடோமீட்டருக்குள் அந்தச் சின்னப் பச்சை விளக்கு எரிய வேண்டும். எரிந்தால் இடது கையை அதன் மேல் வைத்துக்கொண்டு அமைதியாக வருவார். எரியாவிட்டால் வழி முழுவதும் முனகுவார்.

அன்று எர்த் ஸ்குரூவை நான் சரியாக இறுக்கவில்லை. அது உண்மையிலேயே கவனக்குறைவுதான். பன்னிரண்டு நாளில் டீச்சர் திரும்பி வந்தார். மற்றவர்களாக இருந்தால் சண்டை போட்டிருப்பார்கள். அவர் வண்டியை விட்டு இறங்கியதும், "இன்னா பூவராகவன், மறுபடியும் போயிடுச்சி. நாஷ்டா துன்னீங்களா இல்லியா, மூஞ்சி வாடிப்போய்க் கெடக்குது" என்றார்.

என் மனைவி ஒன்பது வருடமாகச் செவ்வாப்பேட்டையில் அவள் அண்ணன் வீட்டில் இருக்கிறாள். சண்டை எதுவும் இல்லை. ஒரு நாள் போனாள், வரவில்லை. கடைக்கு வருகிறவர்கள் பேட்டரி, டைனமோ என்று பேசுவார்கள், முடிந்ததும் போய்விடுவார்கள். சாப்பிட்டாயா என்று கேட்க ஆள் இல்லாதது எனக்குக் குறையாகத் தெரிந்ததே இல்லை. டீச்சர் கேட்ட பிறகுதான் தெரிந்தது.

இரண்டாவது முறை ஸ்குரூவை வேண்டுமென்றே கால் சுற்று விட்டுவைத்தேன்.

அதற்குப் பிறகு கணக்கில்லை. மாதத்துக்கு ஒரு முறை வருவார், சில மாதம் இரண்டு முறை. டிபன் கேரியரில் எனக்கும் சேர்த்து இட்லியோ எலுமிச்சை சாதமோ இருக்கும். நான் டேஷ்போர்டுக்குக் கீழே படுத்து வேலை செய்வேன். அவர் ஸ்டூலில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பார். ஓசூரில் வேலை பார்க்கும் மகன் சரவணகுமார், குத்தகைக்கு விட்டிருக்கும் வயல், சாரின் மாத்திரை என்று எல்லாவற்றையும் சொல்வார். ஐந்து நிமிட வேலையை ஒன்றரை மணி நேரம் செய்வேன். இதில் யாருக்கும் நஷ்டமில்லை என்றுதான் நினைத்தேன். விளக்கு இல்லாத நாட்களில் சார் முனகுவதை அவர் சொல்லும்போது மட்டும் கொஞ்சம் சங்கடமாக இருக்கும்.

சாருக்குத் தெரியும். அதையும் சொல்லிவிட வேண்டும். ஸ்குரூவை நான் முதலில் இறுக்கிவிட்டுப் பிறகு தளர்த்துவதை, சீட்டில் உட்கார்ந்தபடி அவர் பார்த்துக்கொண்டே இருப்பார். முப்பது வருடம் அந்த வண்டியை வைத்திருந்தவர், எந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் என்று தெரியாதவரா. என்னைப் பார்த்து ஏதோ சத்தம் எழுப்புவார். டீச்சர் சிரிப்பார். "சாருக்கு ஒங்களப் பாத்தாதான் வாயே தொறக்குது" என்பார். நான் ஸ்குரூடிரைவரைத் துடைத்து வைப்பேன்.

சார் சரிந்து விழாமல் இருக்க ஒரு பெல்ட் வேண்டும் என்று டீச்சர் கேட்டார். லாரி பெல்ட் ஒன்றை நான்தான் வெட்டிப் பொருத்தினேன். அவரே இடது கையால் கழற்றிவிடுகிறார் என்றதால், பக்கிளை சீட்டுக்குப் பின்னால் மாற்றி வைத்தேன். நல்ல வேலை அது. அசையாது.

போன மார்கழியில் ஒரு நாள் மதியம் வந்தபோது டீச்சர் சந்தோஷமாக இருந்தார். பொங்கல் கழிந்ததும் மகன் இருவரையும் ஓசூருக்கு அழைத்துப் போகிறானாம். வண்டியையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போய், அங்கே ஒயரிங் முழுவதையும் புதிதாகப் போடப் போகிறானாம்.

"இனிமே ஒங்களத் தொந்தரவு பண்ண மாட்டேன் பூவராகவன். எவ்ளோ தடவ வந்து பேஜாரு குடுத்துட்டேன்" என்றார்.

பரவாயில்லை டீச்சர் என்றேன். ஹெட்லைட் சுவிட்சையும் ஒரு தடவை பார்த்துவிடுகிறேன், மூன்று நாள் கழித்துச் சாயங்காலம் வாருங்கள் என்றும் சொன்னேன்.

அந்த சுவிட்சைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். டேஷ்போர்டில் ஒரு குமிழ். ஒரு படி இழுத்தால் பார்க் லைட்டும் டேஷ்போர்டு விளக்கும் எரியும், இன்னொரு படி இழுத்தால் ஹெட்லைட். ரிலே கிடையாது. மொத்தக் கரண்டும் அந்தச் சின்ன சுவிட்ச் வழியாகத்தான் போகும். உள்ளே ஸ்பிரிங் தளர்ந்திருந்தால் பித்தளை சூடேறிக்கொண்டே வந்து, ஒரு கட்டத்தில் காண்டாக்ட் விட்டுவிடும். எல்லா விளக்கும் ஒன்றாக அணையும். ஆறினால் மறுபடி எரியும். என்னிடம் அப்படி ஒரு பழைய சுவிட்ச் கிடந்தது. மேசையில் பேட்டரியும் இரண்டு ஹெட்லைட்டும் மாட்டி மூன்று நாள் சோதித்தேன். ஒவ்வொரு முறையும் இருபத்துநாலு நிமிடத்துக்கும் இருபத்தாறுக்கும் நடுவில் அணைந்தது.

டீச்சர் முப்பத்தைந்து கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் ஓட்ட மாட்டார். என் கடையிலிருந்து தச்சூர் கூட்டு ரோட்டுக்கு அவருக்கு இருபது நிமிடம். அங்கே திரும்பி பொன்னேரி ரோட்டில் ஐந்து நிமிடம் போனால் இரண்டு பக்கமும் வயல், ஓரத்தில் வாய்க்கால். ஹைவேயிலேயே அணையும்படி வைத்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஹைவேயில் வெளிச்சம் உண்டு, உண்மைதான். ஆனால் பத்து அடிக்கு ஒரு மெக்கானிக் ஷெட்டும் உண்டு. யாராவது வந்து பார்த்துவிடுவார்கள். அந்த வயல் பக்கம் யாரும் இல்லை. அங்கே நின்றால் டீச்சர் எனக்குத்தான் போன் செய்தாக வேண்டும்.

சொன்னபடி வந்தார்கள். நான் நல்ல சுவிட்சைக் கழற்றிப் பழையதைப் பொருத்தினேன். ஸ்குரூவை இறுக்கும்போது சார் தன் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். அவ்வளவு பலம் அவருக்கு இருக்கும் என்று நான் நினைக்கவில்லை. வாயிலிருந்து எச்சில் வழிந்தது. ஏதோ சொல்லப் பார்த்தார்.

"பாருங்க, உட மாட்றாரு. ஊருக்குப் போறோம்னு தெரிஞ்சிபோச்சி அவருக்கு" என்று சொல்லி டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த விரல்களை ஒவ்வொன்றாக அவரே எடுத்துவிட்டார்.

ஆறு ஐந்துக்குக் கிளம்பினார்கள். கிளம்பும்போதே லைட்டைப் போட்டுக்கொள்ளச் சொன்னேன்.

ஆறு முப்பத்தாறுக்கு போன் வந்தது. கையில்தான் வைத்திருந்தேன். டீச்சர் கத்தவில்லை. மூச்சுதான் வாங்கியது.

"லைட்டு போயிடுச்சி பூவராகவன். வண்டி வாய்க்கால்ல எறங்கிட்சி. சார் பக்கம் தண்ணி. பெல்ட்டு கழட்ட வரல."

"வரேன் டீச்சர், அங்கியே இருங்க" என்றேன்.

நூற்றெட்டுக்குச் சொல்லச் சொல்லியிருக்கலாம். பக்கிள் எங்கே இருக்கிறது, எப்படி அழுத்த வேண்டும் என்றும் சொல்லியிருக்கலாம். அவர் என்னைக் கூப்பிட்டார், நான் போக வேண்டும், அது மட்டும்தான் மனதில் இருந்தது. கையில் கிரீஸ் இருந்ததால் சோப்புப் போட்டுக் கழுவினேன். சட்டையை மாற்றி, தலை சீவிக்கொண்டு பைக்கை எடுத்தேன். ஒரு பத்து நிமிடம் ஆகியிருக்கும்.

நான் போய்ச் சேருவதற்குள் பக்கத்துக் கழனியில் இருந்த ஆட்கள் அரிவாளால் பெல்ட்டை அறுத்து சாரை ரோட்டில் கிடத்தியிருந்தார்கள். வாய்க்காலில் இடுப்பளவுத் தண்ணீர்தான். வண்டி இடது பக்கமாகச் சாய்ந்துவிட்டது, அவ்வளவுதான். டீச்சர் ஈரப் புடவையோடு அவர் தலையை மடியில் வைத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "வந்துட்டீங்களா" என்றார். அதை அவர் சொன்ன விதம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. ஹெட்லைட் அதற்குள் மறுபடி எரிந்துகொண்டிருந்தது. ஒயர் ஷார்ட்டாகும் என்று சொல்லி பேட்டரியைக் கழற்றினேன். சுவிட்சையும் அப்போதே எடுத்துக்கொண்டேன். அது இந்தப் பையில் இருக்கிறது. நல்ல சுவிட்ச் என் மேசை டிராயரில் இருக்கிறது.

வயதான பெண்மணி, பழைய வண்டி, இருட்டு. ஓட்டியவர் கவனக்குறைவு என்று எழுதி கேஸை முடித்துவிட்டார்கள். பதினாறாம் நாள் அவர் வீட்டுக்குப் போனேன். டீச்சர் என்னை ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "நான் அந்தக் குமிழத் தப்பா கிப்பா இழுத்துட்டனா?"

வேகமாக இழுத்தால் காண்டாக்ட் விட வாய்ப்பு உண்டு டீச்சர் என்றேன். வேறு என்ன சொல்ல முடியும். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். நான்தான் அவரைக் கொன்னுட்டேன் என்று மகனிடம் சொன்னார். அந்த நேரத்தில் பக்கத்தில் இருந்து ஆறுதல் சொன்னது நான் ஒருவன்தான்.

பிறகு சரவணகுமார் அவரை ஓசூருக்குக் கூட்டிப் போய்விட்டார். வண்டியை எடைக்குப் போட்டாகிவிட்டது. நான் போன் செய்தால் எடுப்பதில்லை. ஒரு முறை சரவணகுமார் எடுத்து, அம்மா யாரோடும் பேசுவதில்லை, சாப்பிடுவதும் இல்லை, இனி கூப்பிட வேண்டாம் என்றார். எட்டு மாதம் ஆகிவிட்டது.

அவர் தன் மேல் பழியைப் போட்டுக்கொண்டு கஷ்டப்படக்கூடாது. அதற்காகத்தான் வந்தேன். வேறு காரணம் இல்லை. அன்புராஜ் சார் மேல் எனக்குக் கோபம் எதுவும் கிடையாது. டீச்சருக்கு நான் ஒரு நாளும் கெடுதல் நினைத்ததில்லை. சுவிட்சை மாற்றியது நான், நேரம் பார்த்து வைத்தது நான், இடம் பார்த்து வைத்ததும் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன் மேடம். முக்கிய சாட்சி டீச்சர்தானே. வாய்தா ஒவ்வொன்றுக்கும் அவர் நேரில் வர வேண்டியிருக்குமா?