மொட்டைமாடிச் சட்டம்

…தட்டட்டும்க்கா! நல்லாத் தட்டட்டும்! இரும்புக் கதவு, கைதான் வலிக்கும். நீங்க குடிவந்து ஒரு நாள்தான ஆகுது, அதான் பதறுறீங்க. இங்க ஆறு மணிக்கு மொட்டைமாடி பூட்டு. மாட்டிக்கிட்டவங்க கொஞ்ச நேரம் நின்னு யோசிக்கணும். அப்புறமா திறந்து விட்ருவேன். அவ்ளோதான்!

முன்னாடி சாவி தையல்காரம்மாகிட்ட இருந்துச்சு. அப்பப்பா, என்ன அதிகாரம்ங்கறீங்க! சாவி வர்றதுக்கு முன்னாடி, “வாம்மா, உக்காரும்மா”. வந்தப்புறம் திரும்பிக்கூடப் பாக்கல. மனுஷங்களே அப்படித்தான்க்கா! ஒரு சாவி குடுங்க, கழுத்து தானா நிமிந்துக்கும். இப்ப வீட்டு ஓனரம்மா எங்கிட்ட குடுத்திருக்காங்க. நான் மாறினேனா? நீங்களே சொல்லுங்க! …ஆமா, நீங்க நேத்துதான வந்தீங்க.

ஆனா நியாயம்னா நியாயம். பூட்டும்போது மாடியில யாருன்னு எட்டிக்கூடப் பாக்க மாட்டேன். முகத்தைப் பாத்தா இரக்கம் வந்துரும்ல? ஆளுக்கொரு சட்டம் ஆயிரும். கண்ணை மூடிட்டு, படார்!

உஷ்ஷ்… யாருப்பா அது, மெதுவாத் தட்டு! பிள்ளை முழிச்சிருவான்!

என் கவலையே வேறக்கா. இன்னிக்கு எங்க கல்யாண நாள். பிள்ளை பொறந்ததுலேர்ந்து நாங்க ரெண்டு பேரும் சேந்து தெருவைப் பாத்ததில்ல. ஏழு மணி சினிமா. பிள்ளையப் பாத்துக்க நாத்தனாரும் வந்துட்டா. மாப்பிள்ளையத்தான் காணோம்! வந்தார், முகம் கழுவினார், “அந்த நீலப் புடவையக் கட்டிக்கோயேன்”னார். எனக்கு வெக்கமாப் போச்சு. “அது ஈரமாக் காயுதுங்க”ன்னேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சுப் போனார். போனவர் போனவர்தான்! போனும் கட்டில்மேலயே கெடக்கு. தெருமுனைல கூட்டாளிங்களோட அரட்டை, வேறென்ன? ஆம்பளைங்க அன்பெல்லாம் தாலி கட்டற வரைக்கும்தான்க்கா. அப்புறம் நாம யாரோ, அவங்க யாரோ…

என்னக்கா, மேல கைய காட்டறீங்க? புடவையா? ஆமா, மாடிக் கொடியிலதான் காயுது. அதுக்கென்ன…

ஐயய்யோ!

சிரிக்காதீங்கக்கா! அவரேதான்! குரலக் கேட்டீங்களா, எம்பேரச் சொல்லிக் கத்தறார்! எனக்காகப் புடவை எடுக்கப் போன மனுஷனப் போயி… அக்கா, அக்கா, இந்தாங்க சாவி. நீங்க போய்த் திறங்க. தெரியாம நீங்க பூட்டிட்டதாச் சொல்லிருங்களேன்! புதுசா வந்தவங்கள ஒண்ணும் சொல்ல மாட்டார், தங்கமான மனுஷன்… எங்க போறீங்க? கதவை ஏன் சாத்தறீங்க? அக்கா!

…ஏங்க! இதோ வந்துட்டேங்க! எவ பூட்டினான்னே தெரியலீங்க… இருங்க, கண்டுபிடிக்காம விடமாட்டேன்!