ஆட்டம் முடியக் கூடாதுன்னு கேட்ட ரெண்டு பேர்

...உறவு உறவுன்னு இவ்வளவு நேரம் நீட்டி முழக்கிட்டேன். இப்ப ஒரு சின்ன சங்கதி சொல்றேன், கேக்குறீங்களா? அங்க, தூண் பக்கத்துல உக்காந்திருக்கிற நீலச் சட்டை அண்ணாச்சி... நான் பேச ஆரம்பிச்சதுல இருந்து போனையே பாக்குறீங்க. பரவால்ல, உள்ள வைக்காதீங்க! இந்தக் கதைக்கு போன் வேணும்.

மதுரையில ஜெரால்டுன்னு ஒரு பையன். கம்ப்யூட்டர் படிச்சவன். நம்ம ஆடுபுலி ஆட்டத்தை இன்டர்நெட்ல போட்டு வெச்சிருக்கான். நீங்க இங்கிருந்து ஆட்டை வைக்கலாம், எதிராளி துபாய்ல இருந்து புலியை நகர்த்தலாம். அவன் ஒருநாள், "என்னென்ன வசதி வேணும், சொல்லுங்க"ன்னு ஆடுறவங்களைக் கேட்டான். கேட்டா விடுவாங்களா நம்மாளுங்க? "எழுத்து பொடிசா இருக்கு, கண்ணாடி போட்டாலும் தெரியல!" "கை தவறித் தொட்டுட்டா திரும்ப எடுக்க ஒரு பட்டன் வைய்யி!" அதுல நிறைய பேர் கேட்டது ஒண்ணு. "சில பேர் ஒரே காயை முன்ன பின்ன நகர்த்திக்கிட்டு ஆட்டத்தை இழுக்குறாங்கப்பா. அப்படி இழுத்தா, சமம்னு சொல்லி முடிச்சு விடு!"

நியாயம்தானே? ஜெரால்டும் அறிவிப்பு போட்டுட்டான். வர்ற ஞாயித்துக்கிழமையில இருந்து, இழுக்கிற ஆட்டமெல்லாம் தானா முடிஞ்சிடும்.

போட்டுட்டு, அப்படி எத்தனை ஆட்டம் இருக்குன்னு பாக்குறான். ஒரு ஆட்டம்... மூணு வருஷமா ஓடுது! திறந்து பாத்தா, புலிக்கு முன்னால ஆடு சும்மா நிக்குது. தாண்டினா வெட்டிரலாம். புலி என்ன பண்ணுது? நைசா ஒதுங்கிப் போகுது. சரி, ஆடாவது புலியை அடைக்குதான்னா, அடைக்க வேண்டிய இடத்துக்கு வந்துட்டு அதுவும் பின்னால போகுது! "என்னடா இது, புலிக்கும் ஆட்டுக்கும் சம்பந்தம் பேசி முடிச்சாச்சா?"ன்னு தலையைப் பிச்சுக்கிட்டான். தன் புரோகிராம்லதான் கோளாறுன்னு நெனச்சு ஒரு நாள் பூரா நோண்டினான். ஒரு கோளாறும் இல்ல.

மறுநாள் ரெண்டு பேர் கிட்ட இருந்து கோரிக்கை வருது. ஒண்ணு கோவில்பட்டி, செண்பகவல்லி. இன்னொண்ணு கத்தார், வேல்மயில். ரெண்டு பேரும் கேட்டது ஒண்ணே ஒண்ணு... "தயவு செஞ்சு எங்க ஆட்டத்தை முடிச்சிடாதீங்க." பாத்தா, ரெண்டு பேரும் அந்த ஒரே ஆட்டத்துல எதிரெதிர் ஆளு!

ஜெரால்டு அந்த அம்மாவுக்கு போன் போட்டான். "அக்கா, முடிஞ்சா என்ன? வேற ஆட்டம் ஆரம்பிச்சுக்கலாமே?"

அந்த அம்மா சொல்லுது... "தம்பி... புது ஆட்டம்னா, 'வா ஆடலாம்'னு யாராச்சும் ஒருத்தர் கூப்பிடணும்ல? அவன் கூப்பிட மாட்டான். எனக்கும் வாய் வராது. அவன் என் கூடப் பொறந்தவன் தம்பி."

என்ன நடந்துச்சு? அந்த அம்மா மகளுக்குக் காது குத்து. தாய்மாமன் மடியில உக்கார வெச்சுத்தானே குத்தணும்? மாமனுக்குக் கத்தார்ல லீவு கெடைக்கல. "ஒரு மாசம் தள்ளி வைக்கா, வந்துடுறேன்"னான். வீட்டுக்காரர் பக்கத்துல ஒத்துக்கல. அந்த அம்மாவோட சித்தப்பா மகன் மடியில உக்கார வெச்சுக் குத்திட்டாங்க. போட்டோ அவனுக்குப் போச்சு. அவன் கேட்டான்... "என் மடி இருக்க வேண்டிய இடத்துல யார் மடி இருக்குக்கா?" அந்த அம்மா என்ன சொல்லிச்சு? "லீவு வாங்க வக்கில்ல, கோவம் மட்டும் வருதோ?" அவ்வளவுதான். அன்னைக்கோட பேச்சு நின்னுச்சு.

ஆனா அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச ஆட்டம் ஒண்ணு பாதியில கெடந்துச்சு பாருங்க... அதை மட்டும் ரெண்டு பேரும் விடல. ஒரு நாளைக்கு ஒரு காய். பேசுறதுக்கு ஓரத்துல பெட்டி இருக்கு, அதுல ஒரு எழுத்து கெடையாது. ஜெயிச்சா ஆட்டம் முடிஞ்சிடும்னு... ரெண்டு பேருமே ஜெயிக்காம ஆடியிருக்காங்கய்யா! மூணு வருஷம்! எவ்வளவு ஆசை இருந்தா அப்படி ஆடுவாங்க?

ஜெரால்டு யோசிச்சான். ஊருக்குச் சொன்னதை மாத்த முடியாது. அதனால ஒரு வசதி பண்ணினான். ஆட்டம் முடிஞ்சா, அதே ரெண்டு பேருக்கும் புதுக் கட்டம் தானாவே விரியும். யாரும் யாரையும் கூப்பிட வேண்டாம்.

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. பழைய ஆட்டம் சமம். புதுக் கட்டம் விரிஞ்சுது. செண்பகவல்லி மொத ஆட்டை வெச்சுட்டு ஜெரால்டுக்கு எழுதுறாங்க. "ரொம்ப நன்றி தம்பி. இன்னும் ஒரே ஒரு வசதி... எதிர்ல ஆடுறவங்க நல்லா இருக்காங்களா, சாப்பிட்டாங்களான்னு தெரிஞ்சுக்க ஏதாச்சும் வைக்க முடியுமா?"

பையன் பதில் போட்டான். "அக்கா, அதை நான் வைக்க வேண்டாம். உங்க போன்லயே இருக்கு. பச்சைக் கலர் பட்டன்."

அந்த அம்மா பட்டனைப் பாக்குது... போனைக் கவுத்து வைக்குது... திரும்ப எடுக்குது... அழுத்திருச்சு!

அங்க எடுத்துட்டான். மொத வார்த்தையா அவன் கேட்டான்... "புள்ளைக்குக் காது ஆறிடுச்சாக்கா?"

அந்தப் புள்ள ஜிமிக்கி போட்டுக்கிட்டு மூணாங்கிளாஸ் போகுது! அவன் மனசுல இன்னும் அந்த நாளே நிக்குது. அக்கா அழுதுகிட்டே சொல்லுது... "நீயே வந்து பாருடா."

ஏன் இதைச் சொல்றேன்? நம்ம ஒவ்வொருத்தர்கிட்டயும் இப்படிப் பாதியில நிக்கிற ஆட்டம் ஒண்ணு இருக்கு. அவங்க கூப்பிடட்டும்னு நீங்க... நீங்க கூப்பிடட்டும்னு அவங்க. அந்தப் பையன் ஆட்டத்துக்குப் பண்ணின வசதியை நம்ம வாழ்க்கைக்கு யாரும் பண்ணித் தரல. இங்க கட்டம் தானா விரியாது. யாராச்சும் ஒருத்தர் கூப்பிட்டாத்தான் உண்டு. அந்த ஒருத்தர் நீங்களா இருந்துட்டா என்ன கொறஞ்சு போகும்?

நீலச் சட்டை அண்ணாச்சி, போனை உள்ள வைக்காதீங்கன்னு சொன்னேன்ல? உங்களுக்கும் யாரோ ஒருத்தர் முகம் இப்ப வந்துச்சுல்ல? போங்க... அப்படி வெளிய போய்க் கூப்பிட்டுட்டு வாங்க. நான் தண்ணி குடிச்சுக்கிட்டு இருக்கேன்.